கூட்டத்துக்கு வந்த நாற்பத்து மூன்று குடங்கள்

பெங்களூர் ஜீவனஹள்ளியில் ஆம்ப்ரோஸ் கம்யூனிஸ்ட் கட்சிக் கிளை தொடங்கி மூன்று வருடம் ஆகியிருந்தது. உறுப்பினர் ஒருவர், அது அவரே. காலையில் பிரேசர் டவுன் ரொட்டிக்கடையில் மாவு பிசைவார். மாலையில் வீடு வீடாகப் போய் உபரி மதிப்பை விளக்குவார். ஜனங்கள் மரியாதையாகக் கேட்டுவிட்டு, நேற்றைய ரொட்டி மிச்சமிருக்கிறதா என்று விசாரிப்பார்கள்.

1954-இல் மேல்கமிட்டியிலிருந்து கடிதம் வந்தது. தோழர் சேஷகிரி பேச வருவார்; பத்துப் பேராவது கூடாவிட்டால் கிளை கலைக்கப்படும். ஆம்ப்ரோஸுக்குக் குடும்பம் கிடையாது. அந்தக் கிளைதான் இருந்தது.

பொதுக்குழாயடியில் கூட்டத்தை வைத்தார். எல்லோரும் வந்தே தீரவேண்டிய இடம் அது ஒன்றுதான். தண்ணீர் ஆறு மணிக்கு வரும். பெண்கள் நாலு மணிக்கே குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். குடம் நின்றால் ஆள் நிற்பதாகத்தான் அங்கே வழக்கம்.

ஐந்து மணிக்கு வந்த சேஷகிரி சுற்றிப் பார்த்தார்.

“ஜனங்க எங்க, தோழர்?”

“இதான் தோழர். இங்க கொடம் இருந்தா ஆளு இருக்கற மாதிரி.”

சேஷகிரி இரண்டு முறை எண்ணினார். நாற்பத்து மூன்று. தொண்டையைச் செருமிக்கொண்டு நிலச்சீர்திருத்தம் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். நடுவில் ஒருமுறை, பின்வரிசைக்குக் கேட்கிறதா என்றும் விசாரித்தார்.

கூட்டத்துக்கு அனுமதி வாங்கியிருக்கவில்லை. கேட்க வந்தவர்களையெல்லாம் ஸ்டேஷனுக்குக் கொண்டுவரும்படி கான்ஸ்டபிள் நாணுவுக்கு உத்தரவு. அவர் மாட்டுவண்டி பிடித்து அத்தனை குடங்களையும் ஏற்றினார். பேசியவரையும் கூட்டியவரையும் பற்றி உத்தரவில் ஒன்றும் இல்லாததால் சேஷகிரியையும் ஆம்ப்ரோஸையும் விட்டுவிட்டார்.

ஆறு மணிக்குத் தண்ணீர் வந்தது. பிடிக்கக் குடமில்லை. பங்களாவில் பாத்திரம் தேய்த்துவிட்டு வந்த பாஞ்சாலி முன்னால் நடக்க, பெண்கள் எல்லோரும் ஸ்டேஷனுக்குக் கிளம்பினார்கள். ஆம்ப்ரோஸும் சேஷகிரியும் பின்னால் ஓடினார்கள்.

“மீட்டிங்குக்கு வந்தேன்னு கைநாட்டு வெச்சுட்டு அவங்கவங்க கொடத்த எடுத்துக்கங்க” என்றார் நாணு.

“நான் எங்கய்யா வந்தேன்? கொடம்தானே நின்னுச்சு. அதுக்குக் காது இருக்கா?” என்றாள் பாஞ்சாலி.

“வாய் இருக்குல்ல. வை கைநாட்டு.”

நாற்பத்து மூன்று பேரும் வைத்தார்கள். திரும்பி வருவதற்குள் தண்ணீர் நின்றுவிட்டது. இனி மறுநாள் மாலைதான்.

வழியில் ஆம்ப்ரோஸ் மனசு கேட்காமல் சொல்லிவிட்டார். “தோழர், நெசமா இவங்க யாரும் வரல. கிளைய கலைச்சுடுங்க.”

“வந்தாங்கன்னு சர்க்காரே எழுதி வெச்சிருக்கு. மறுக்க நீங்க யாரு?” என்றார் சேஷகிரி.

மறுநாள் பாஞ்சாலி ரொட்டிக்கடைக்கே வந்துவிட்டாள்.

“அண்ணா, அடுத்த மீட்டிங் எப்போ?”

“ஏம்மா?”

“போகாத மீட்டிங்குக்குக் கைநாட்டு வெச்சாச்சு. போய்த்தான் பாத்துடலாமே. ஆனா அந்த உபரி வேணாம். இன்னொரு தண்ணி நல்லி கேளுங்க. அந்தப் போலீசையும் ரெண்டு வார்த்த கேளுங்க.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆம்ப்ரோஸ் முதல்முறையாக உபரி மதிப்பை விட்டுவிட்டு, குழாயைப் பற்றிப் பேசினார். நாற்பத்து மூன்று பேரும் வந்திருந்தார்கள். இந்தத் தடவை யாரும் குடத்தைத் தனியாக விடவில்லை. மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

நாணுவும் வந்தார். பொறுமையாக எண்ணி, கூட்டம் எண்பத்தாறு என்று எழுதிக்கொண்டார்.