கடைசியாகத் தொட்டவன்

பெங் சூ-யுன் அக்காவுக்குப் பயப்படாத ஆள் எங்கள் ஷின்ச்சு அலுவலகத்தில் கிடையாது. பத்தொன்பது வருடமாக அவருக்கு ஒரே வேலை. கணினியின் அடிமட்ட நிரலான கர்னலில், நினைவகத்தைப் பங்கு போடும் பகுதியை நாங்கள் செய்யும் ஒவ்வொரு புதுச் சில்லுக்கும் பொருந்தும்படி திருத்துவது. நினைவகத்தை எவ்வளவு பெரிய துண்டுகளாக வெட்டுவது என்பது சில்லுக்குச் சில்லு மாறும். ஒன்றில் 4096 பைட் என்றால் இன்னொன்றில் அதுபோலப் பதினாறு மடங்கு. "அளவை எண்ணா எழுதித் தொலைக்காதீங்கடா, சில்லுகிட்டக் கேளுங்க!" என்று பன்றி வறுவலைக் கடித்துக்கொண்டே அக்கா கத்தாத மதியம் இல்லை.

இரண்டு வருடம் முன்பு ஒரு வாடிக்கையாளரின் புதுச் சர்வர்கள் வரிசையாகச் சுருண்டு விழுந்தன. காரணம் ஒரே வரி. யாரோ அதில் 4096 என்று எண்ணாகவே எழுதியிருந்தார்கள். யார் எழுதியது என்று காட்டும் கட்டளையைத் தட்டியதும் தூ கோ-வெய் என்று வந்தது. எங்களோடு வேலை பார்த்த பையன்தான். கூட்டத்தில் அக்கா அதைப் பெரிய திரையில் போட்டார்.

"உன் பேருதானே தம்பி? கண்ணாடியப் போட்டுப் படி."

"இன்னும் ஒரு படி பின்னால போய்ப் பாருங்கக்கா," என்றான் கோ-வெய்.

"எதுக்கு? உங்க தாத்தா எழுதினாரான்னு பாக்கவா?"

எல்லோரும் சிரித்தோம். நானும் நன்றாகவே சிரித்தேன். அடுத்த மாதம் அவன் வேலையை விட்டுவிட்டு, ஷின்பூவில் மாமனாரின் பெர்சிமன் பழத் தோப்புக்குப் போய்விட்டான்.

அன்று செய்த திருத்தம் எங்கள் நிறுவனத்துக்குள்ளேயே கிடந்தது. போன செவ்வாய் மதியம்தான் அக்கா அதை உலகத்துக்கே பொதுவான கர்னலில் சேர்க்க உட்கார்ந்தார். அங்கே, எந்தப் பழைய மாற்றத்தில் தப்பு நுழைந்தது என்று ஒரு வரி எழுதியாக வேண்டும். அதற்காகக் கோ-வெய் செய்த மாற்றத்தைத் திறந்தார். அவன் வரிகளின் ஓரத்தை நேர்செய்திருந்தான், அவ்வளவுதான். ஓர் எழுத்தும் மாறவில்லை. கடைசியாகத் தொட்டவன் பெயரைத்தான் கட்டளை காட்டியிருக்கிறது. இது தெரியாதவர்களா நாங்கள்? பத்துப் பேரில் ஒருத்தர்கூடத் திறந்து பார்க்கவில்லை.

அக்கா இன்னும் ஒரு படி பின்னால் போனார். ஒன்பது வருடத்துக்கு முந்தைய தேதி. எழுதியவர்: பெங் சூ-யுன்.

அக்காவின் சாப்ஸ்டிக் பாதி வழியில் நின்றது.

"நானா? நான் எண்ணா எழுதவே மாட்டேனே," என்று என்னைப் பார்த்துக் கேட்டார். முகத்தில் ரத்தமே இல்லை. திரையை அணைத்து மறுபடி போட்டார். அதே பெயர்.

மேலாளர் எட்டிப் பார்த்தார். "பழைய கதைம்மா. தப்பு எங்க நுழைஞ்சதுங்கிற வரி இல்லாமலே அனுப்பிடு. எவன் கேக்கப் போறான்?"

அக்கா விசைப்பலகையை இழுத்துக்கொண்டார். தப்பு தன்னுடையது என்று எழுதினார். இதற்கு வேறொருவர் மேல் பழி போட்டேன் என்றும் எழுதினார். முதலில் சுட்டிக்காட்டியவர் என்ற இடத்தில் கோ-வெய் பெயரைப் போட்டுவிட்டு, அவனிடம் சம்மதம் கேட்கக் கைபேசியை எடுத்தார். விரல் தவறிப் பட்டதில் ஸ்பீக்கரும் திறந்துகொண்டது.

"கோ-வெய், அந்த வரி என்னோடதுப்பா."

"தெரியும்க்கா. அன்னிக்கே தெரியும்."

"கண்டுபிடிச்சது நீதான்னு போடுறேன். உலகமே பாக்கும்."

அந்தப் பக்கம் யாரோ கூடைகளை அடுக்கும் சத்தம் கேட்டது.

"வேண்டாம்க்கா. அந்த வரிக்குப் பக்கத்துல என் பேரு இருந்தவரைக்கும் போதும்."

அக்கா அவன் பெயரை அழித்துவிட்டு, தன் பெயரோடு மட்டும் அனுப்பினார்.