வெறும் தண்ணீரில் மகரந்தம்

காதில் பூ சுற்றுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். இது எனக்கு நடந்தது. அதுவும் பட்டப்பகலில்.

ஏரியின் அடிச் சேற்றைக் குழாய் இறக்கி எடுத்து, அடுக்கடுக்காக வெட்டி, அதிலிருக்கும் பழைய மகரந்தத்தை எண்ணுவது என் ஆராய்ச்சி. அந்தக் காலத்தில் அங்கே என்ன மரம் நின்றது என்று அது சொல்லிவிடும். ஒற்றை ஒற்றையாகக் கிடைத்தால் மரம் எங்கோ தூரத்தில். கொத்தாகக் கிடைத்தால் பூவே உதிர்ந்திருக்கிறது; மரம் தலைக்கு மேல்.

ஒவ்வொரு முறையும் வெறும் தண்ணீரையும் சேற்றைப் போலவே அமிலம் ஊற்றிக் காய்ச்சிப் பார்ப்போம். அதில் ஒன்றும் இருக்கக் கூடாது. இருந்தால் லேப் சுத்தமில்லை என்று அர்த்தம். என் மூன்று வருட உழைப்பு குப்பைக்குப் போகும், சம்பளமும் நிற்கும். மகளை வைத்துக்கொண்டு நான் எங்கே போவது?

அன்று தண்ணீரில் ஒரு மகரந்தம் இருந்தது. முள் முள்ளாக, ஒற்றையாக. அதை உதிர்த்த மரமே இப்போது பூமியில் இல்லை. அதன் மகரந்தம் எங்கள் சேற்றில் மட்டும்தான் உண்டு.

எனக்கு லேப் அக்கா மேல் சந்தேகம். சோதனைக் குழாய்களைக் கழுவுவது அவர்தான். போன மாதம் எங்களுக்குள் வாய்த்தகராறு வேறு. வேண்டுமென்றே செய்கிறாரோ?

மறுநாள் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு நானே கழுவினேன், நானே காய்ச்சினேன். பார்த்தால்... அதே மகரந்தம், இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

அப்போது சேறு வைத்திருக்கும் குளிர் அறைக்குள் யாரோ தும்மினார்கள்.

கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று கதவைத் திறந்தேன். யாரும் இல்லை. தரையில் மட்டும் மஞ்சள் தூள்...

அக்காவுக்குப் போன் போட்டேன்.

"எங்க இருக்கீங்க?"

"வீட்லதான். லீவு சொன்னேனே."

என் முதுகுக்குப் பின்னால் மறுபடியும் தும்மல். சின்னதாக.

"யாரும்மா அது?" அக்கா கேட்டார். "குழந்தையைக் கூட்டிட்டு வந்திருக்கியா?"

ஓடி வந்துவிட்டேன்.

மிச்ச அடுக்குகளைப் புரொபசரே எண்ணி முடித்தார்.

"விசித்திரமா இருக்கும்மா. அடியிலிருந்து மேல வர வர, அந்த மரம் மொதல்ல ஒத்தையா வருது, அப்புறம் ரெண்டு ரெண்டா, அப்புறம் கொத்தா. அதுவரைக்கும் அடுப்புக் கரி, தானியம், எல்லாம் இருக்கு. கொத்து வந்ததுக்கப்புறம் மனுஷ வாடையே இல்ல."

என் மகளுக்கு ஒரு வாரமாக விடாத தும்மல். இன்று அவள் கைக்குட்டையை உதறி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன்.

கொத்துக் கொத்தாக இருந்தது.