ஒரே மூச்சில் எண்ணச் சொன்னவர்

எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும். என் வீட்டுக்காரர் சொல்வார், என்னிடம் படித்த பிள்ளைகளும் சொல்வார்கள். சங்கராபுரம் போகிற வழியில் ஒரு தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். நான் ஒரு அதட்டல் போட்டால் பக்கத்து வகுப்பும் சேர்ந்து அடங்கும்.

அந்தக் குரல்தான் முதலில் போனது. காலையில் நன்றாக இருக்கும், மதியத்துக்கு மேல் மூக்கால் பேசுகிற மாதிரி ஆகிவிடும். சாப்பிட உட்கார்ந்தால் பாதிச் சோற்றிலேயே தாடை அசந்துவிடும். இமை இரண்டும் தானாகக் கீழே இறங்கும். "டேய், டீச்சர் தூங்கிக்கினு இருக்காங்கடா" என்று முன்வரிசையில் ஒருவன் கிசுகிசுத்தான். அவனை முறைக்கலாம் என்று பார்த்தால் முகம் அசைய மறுக்கிறது. உள்ளே கொதிக்கிறது, முகம் மட்டும் சும்மா கிடக்கிறது. அதைப் போல ஒரு அவமானம் நான் பட்டதில்லை.

சேலத்தில் நரம்பு டாக்டர் பார்த்துவிட்டு மயஸ்தீனியா என்றார். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே எதிரியாகி, நரம்பு சொல்வது தசைக்குப் போய்ச் சேராமல் மறிக்கிறதாம். இரண்டு விதமான மாத்திரை எழுதினார். "நீங்களா நிறுத்திடாதீங்கம்மா. மூச்சு விடுற தசையே அசந்துடும்" என்றார். சரி சரி என்று தலையாட்டினேன். மாத்திரையில் குரல் பாதி திரும்பியது. கூடவே முகம் ஊதியது, ராத்தூக்கம் போனது. கண்ணாடியில் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

கழுத்து வலிக்கு அக்குபங்சர் ஊசி போட்டுக்கொண்ட பக்கத்து வகுப்பு ஆசிரியைதான் அந்த இடத்தைச் சொன்னார். சின்னசேலத்தில் ஒரு உரக்கடைக்கு மேல் மாடி. வைத்தியம் பார்ப்பவர் என்னைவிட வயதில் சின்னவர், மெலிந்த பெண். முதல் நாளே என் நோயின் பெயரை இரண்டு முறை சொல்லச் சொல்லி, நோட்டில் எழுதிக்கொண்டார்.

"டீச்சர், இந்த நோய ஊசியால ஓட்டிடுவேன்னு நான் சொல்ல மாட்டேங்க. தூக்கம் வரும், ஒடம்பு வலி கம்மியாவும். மாத்திரைய மட்டும் வுடவே கூடாது. இது பக்கத்துணைதான்."

நாடி பார்த்து, கையிலும் காலிலும் மெல்லிய ஊசிகளை வைத்துவிட்டு விளக்கை அணைத்தார். வலிக்கும் என்று பல்லைக் கடித்திருந்தவள் அப்படியே தூங்கிவிட்டேன். எத்தனையோ நாளுக்கப்புறம் வந்த தூக்கம் அது. எழுந்ததும் அழுகை வந்தது. அவர் வெந்நீர் கொடுத்தார். அதன்பின் சனிக்கிழமை தவறாமல் போனேன்.

தூங்கத் தூங்க எனக்குள் பழைய புத்தி கிளம்பியது. எங்கள் பக்கத்தில் யார் என்ன மருந்து சாப்பிட்டாலும் முதலில் கேட்பது, "வேற மருந்து ஏதாச்சும் எடுத்துக்கினு இருக்கியா?" என்பதுதான். சின்ன வயதில் எனக்குக் காமாலை வந்தபோது, கீழாநெல்லி அரைத்துக் கொடுத்த கையோடு ஆஸ்பத்திரி மாத்திரையைக் குப்பையில் எறிந்தார் அம்மா. "ரெண்டும் ஒண்ணா உள்ள போனா ஒண்ண ஒண்ணு முறிச்சிடும்" என்றார். காமாலை தானாகவே இறங்கியிருக்கும் என்று இப்போது தெரிகிறது. ஆனால் அந்த வார்த்தை என் எலும்புக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. ஊசி பிடிக்கிறது, மாத்திரைதான் அதை முறிக்கிறது என்று நானே முடிவு கட்டினேன். மாத்திரையை விடாதே என்று அந்தப் பெண் சொன்னது, நாளைக்கு வம்பு வந்துவிடக் கூடாதே என்று சொன்ன பேச்சு என்றும் நினைத்துக்கொண்டேன். படித்தவள், பாடம் நடத்துகிறவள், என் புத்தி போன போக்கைப் பாருங்கள்!

வீட்டுக்காரர் காலையில் மாத்திரையும் தண்ணீரும் நீட்டுவார். அதைக் கைக்குட்டையில் முடிந்து பள்ளிக்குக் கொண்டுபோய் எறிந்தேன். முதல் இரண்டு நாள் ஒன்றும் ஆகவில்லை. பார்த்தாயா, நான் நினைத்தது சரிதான் என்று பெருமை வேறு. சனிக்கிழமை மாடிக்குப் போனதும் வழக்கம்போல அவர், "மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டார். கொஞ்சமும் கூசாமல், "போட்டேங்க" என்றேன்.

ஊசி வைத்துக் கொஞ்ச நேரத்தில் தொண்டை வறண்டது. தண்ணீர் கேட்டேன். குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வெளியே வந்தது. அவர் மளமளவென்று ஊசிகளைப் பிடுங்கி, என்னை நிமிர்த்தி உட்கார வைத்தார்.

"டீச்சர், ஒரே மூச்சுல ஒண்ணு ரெண்டுன்னு எண்ணுங்க."

ஒன்பதில் நின்றுவிட்டது. வாய்ப்பாடு ஒப்பிக்கத் திணறுகிற பிள்ளையை எத்தனை முறை திட்டியிருக்கிறேன்! என்னால் பத்தைத் தொட முடியவில்லை. மூச்சுத் தசை எவ்வளவு தாங்கும் என்று டாக்டர்களே அப்படித்தான் பார்ப்பார்கள் என்பது எனக்குப் பிற்பாடு தெரிந்தது. என் நோயின் பெயரை எழுதிக்கொண்ட அன்றே அவர் யாரையோ விசாரித்துத் தெரிந்துவைத்திருக்கிறார்.

அவரே ஆம்புலன்சுக்குப் போன் போட்டார். கீழே உரக்கடையில் பேசிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். அறையைப் பூட்டிவிட்டுக் கூடவே ஏறினார். கள்ளக்குறிச்சி போய்ச் சேரும்வரை என் முதுகைத் தாங்கிக்கொண்டே வந்தார்.

ஆஸ்பத்திரியில் முகத்தில் மாஸ்க்கை மாட்டினார்கள். "மாத்திரைய நிறுத்தின மாதிரி இருக்கே. யார் நிறுத்தச் சொன்னது?" என்று டாக்டர் கேட்டார்.

"நான் தெனமும் கையில குடுத்தேன் சார்! இந்தம்மாதான் முழுங்க வேணான்னு சொல்லியிருப்பாங்க! ஊசி குத்துறேன்னு சொல்லிச் சொல்லியே என் பொண்டாட்டிய இந்தக் கதிக்குக் கொண்டாந்துட்டாங்க" என்று கத்தினார் என் வீட்டுக்காரர்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். "நான் சொல்லலீங்க" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். டாக்டர் அவரை வாங்கு வாங்கென்று வாங்கினார். எனக்குக் குரல் இல்லை, உண்மைதான். ஆனால் கை இருந்தது. கட்டில் ஓரத்தில் நர்ஸ் வைத்துவிட்டுப் போன பேனாவும் அட்டையும் இருந்தன. 'நான்தான்' என்று ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம், தலையையாவது ஆட்டியிருக்கலாம். வெட்கம் பிடுங்கித் தின்றது. கண்ணை மூடிக்கொண்டேன். எனக்குத்தான் இமை தானாக மூடுமே, யாருக்குச் சந்தேகம் வரும்?

குரல் திரும்பச் சில வாரம் ஆயிற்று. அதற்குள் என் வீட்டுக்காரர் அந்த மாடிப்படி அடியில் நின்று, தெருவே கூடும்படி கத்திவிட்டு வந்திருந்தார். அதைப் பெருமையாக என்னிடம் சொன்னபோதுதான் தாங்க முடியாமல் உண்மையைச் சொன்னேன்.

தலையில் அடித்துக்கொண்டார். "அடிப்பாவி! அவங்கள நடுத்தெருவுல வெச்சி இன்னா இன்னா பேசிட்டேன் தெரியுமா? போனப் போடு, மன்னிப்புக் கேட்டுடறேன்."

"தெருவுல கத்திட்டு போன்ல மன்னிப்பா? நேர்ல போவணும். நானும் வர்றேன்."

ஒரு சனிக்கிழமை காலை, மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் விட்டு, குரல் கணீரென்று இருக்கிற வேளையில் கிளம்பினோம். மாடியில், முன்பெல்லாம் உட்கார இடம் கிடைக்காத பெஞ்சில் இரண்டே பேர் இருந்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. உள்ளே போகாமல் வாசலிலேயே நின்று, கீழே உரக்கடை வரைக்கும் கேட்கிற மாதிரி, வகுப்பில் அதட்டுகிற அதே குரலில் சொன்னேன்.

"மாத்திரைய நிறுத்தச் சொன்னது இவங்க இல்ல. நானேதான் நிறுத்தினேன். போட்டேன்னு இவங்ககிட்ட பொய் சொன்னேன். அன்னிக்கு இவங்க இல்லன்னா நான் செத்திருப்பேன்."

என் வீட்டுக்காரர் கையைக் கூப்பினார். அந்தப் பெண் முந்தானையால் முகத்தை ஒற்றிக்கொண்டார். அப்புறம் என்னை உட்கார வைத்து, பழையபடியே கேட்டார்.

"மாத்திரை போட்டீங்களா?"

பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினேன்.

"ஒரே மூச்சுல எண்ணுங்க."

முப்பத்திரண்டு வரை போனேன்.

"இங்க வர்றத சேலத்து டாக்டர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"இன்னும் சொல்லலீங்க."

"சொல்லிட்டு வாங்க. அவரு சரின்னா ஊசி வெக்கிறேன். இல்லன்னா வெக்க மாட்டேன்."

இவ்வளவு தூரம் வந்து, தெருவுக்கே கேட்கக் கத்தி, கடைசியில் ஊசி கிடையாதா என்று எனக்குச் சுர்ரென்று ஏறியது. அவரை முறைத்தேன். அவர் என் முகத்தையே பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார்.

"கோவம் வந்துடுச்சா டீச்சர்? மொகத்துல நல்லாத் தெரியுதுங்க."

என் வீட்டுக்காரர் குனிந்து என் முகத்தைப் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது. அன்று ஊசி போடாமலேயே படியிறங்கினோம்.