ஸ்வரத்தின் காம்பில் ஒரு கோடு

உத்திரமேரூரில் பத்திரம் எழுதுவது என் தொழில். ஒரு சொல்லின் குறுக்கே கோடு போட்டால் அந்தச் சொல் இல்லை. முப்பது வருடமாகக் கண்ணுக்குப் பழகிய விதி அது.

சென்ற ஆண்டு நானும் மனைவியும் சனிக்கிழமை இசை வகுப்பில் சேர்ந்தோம். அவள் வயலின், நான் கீபோர்டு. ஆண்டு விழாவில் இருவரும் சேர்ந்து வாசிக்க ஆசிரியர் ஒரு மேற்கத்திய மெட்டை அச்சடித்த தாளில் கொடுத்து, வீட்டில் பழகிவிட்டு வரச் சொன்னார்.

என் தாளில் பதினோராவது கட்டத்தில் இரண்டு ஸ்வரங்கள். இரண்டிலும் வட்டத்திலிருந்து நீளும் காம்பின் குறுக்கே சாய்வாக ஒரு சிறு கோடு. அடித்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டேன். அடுத்த கட்டத்தில் ஸ்வரமே இல்லை, சதவீதக் குறி போல ஒன்று மட்டும். அதுவும் காலி என்று கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

அதே இடத்தில் அவளுக்கு எட்டு எண்ணிக்கை நீளும் ஒரே ஸ்வரம். ஒவ்வொரு முறையும் ஆறிலோ ஏழிலோ விட்டுவிடுவாள். "முந்திட்டே" என்பேன். மூன்று வாரம் இப்படிப் போனது.

புதன்கிழமை அவள் வயலினைப் பெட்டியில் வைத்து மூடினாள்.

"என்னால ஆவாதுங்க. சார்கிட்ட என் பேரை எடுத்துடச் சொல்லப் போறேன். மேடையில நின்னு பேஜாராவறதுக்கு வூட்லயே இருக்கலாம்."

அவள் உள்ளே போனதும் தாளை மறுபடி பார்த்தேன். பத்திரத்தில் அடித்தால் பக்கத்தில் கையெழுத்து வேண்டும். இங்கே இல்லை. தப்பை அச்சடித்து அதையே ஏன் அடிப்பார்கள்? எண்ணிப் பார்த்தேன். கட்டத்துக்கு நான்கு எண்ணிக்கை. சும்மா இருக்க வேண்டிய இடங்களில் அதற்கென்று தனிக் குறி போட்டிருந்தார்கள். இங்கே அது இல்லை. கோடு விழுந்த இரண்டையும் சேர்த்தால்தான் நான்கு வந்தது. அப்படியானால் அவை உயிரோடு இருக்கின்றன.

ஆசிரியருக்கு போன் செய்தேன். சிரித்தார்.

"அது சுருக்கெழுத்து சார். ஒரு கோடுன்னா அரை அரையா உடைக்கணும். ரெண்டு எண்ணிக்கை ஸ்வரத்தை நாலு தபா வாசிக்கணும். ரெண்டு கோடு போட்டிருந்தா எட்டு தபா. எழுதறவனுக்குக் கை வலிக்காது பாருங்க."

"அந்த சதவீதக் குறி?"

"முன்னாடி கட்டத்தையே இன்னொரு தபா. மூணு வாரமா இன்னா சார் பண்ணிக்கினு இருந்தீங்க?"

மனைவியைக் கெஞ்சி அழைத்து வந்தேன். பதினோராவது கட்டத்தில் அதே ஸ்வரங்களை நன்னான்கு முறை தட்டினேன். அடுத்த கட்டத்திலும் அப்படியே. என் தட்டல் மேல் அவள் ஸ்வரம் எட்டு வரை அசையாமல் நின்றது. வில்லை இறக்கினாள்.

"இது எங்கேர்ந்து வந்துச்சி?"

"தாள்லயே இருந்திச்சி. நான்தான் விட்டுட்டேன்."

"அப்ப முந்தினது நான் இல்ல?"

"கீழ தாளம் இல்லாம நீ எதப் புடிச்சி எண்ணுவே? தப்பு என்னுது."

"இத சனிக்கெழம சார் முன்னாடி சொல்லுங்க. அப்பறம் என் பேரப் பத்திப் பாக்கலாம்."

சொன்னேன். வகுப்பிலிருந்த ஒன்பது பேரும் கேட்டார்கள். அவள் தன் பெயரை எடுக்கச் சொல்லவில்லை.