குடிகாரன் என்ற பொய்

ஸ்ரீராம்புரத்து சலேத்மேரியின் கணவர் அருளப்பன் கட்டட வேலைக்காரர். 1994இல் சாரம் முறிந்து மூன்றாம் மாடியிலிருந்து விழுந்து செத்தார். அன்று மதியம் அவள் சாப்பாடு கொண்டுபோனபோதுதான், சாரக் கம்பு உளுத்திருக்கிறது என்று அவர் கான்டிராக்டர் பசவராஜிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இஷ்டம்னா ஏறு, இல்லன்னா ஹோகு, போய்க்கிட்டே இரு" என்றான் பசவராஜ், கன்னடம் கலந்து.

பிறகு போலீசில், குடித்துவிட்டு ஏறினான் என்று எழுதிக்கொடுத்தான். அருளப்பன் வாழ்நாளில் குடித்ததே இல்லை.

அன்றிலிருந்து மேரிக்கு ஒரே ஜெபம்: "ஆண்டவரே, அந்த நாக்கு அழுகணும்." இப்படிச் சபிக்கிறவள் பக்கத்தில் ஆண்டவர் எப்படி இருப்பார் என்று அவளே நினைத்துக்கொள்வாள்.

பசவராஜ் மேல் அவள் போட்டிருந்த வழக்கு நாலு வருஷம் கழித்து சாட்சிக்கு வந்தது. "மன்னிச்சு விட்டுடும்மா" என்றார் பங்குச் சாமியார்.

"பொய் சொன்னேன்னு அவன் ஒத்துக்கிட்டானா ஃபாதர்?"

மேரி கோயிலுக்குள் போய்ச் சிலுவைக்கு முன்னால் தொண்டை கட்டும்வரை சத்தமாகச் சபித்தாள். அவள் வாயை யாரும் பொத்தவில்லை. நிமிர்ந்து, சிலுவையில் தொங்கியவரைப் பார்த்தாள். பொய்ச்சாட்சியால் செத்தவர்தானே அவரும்! இத்தனை நாளும் தன்னோடு இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார் என்று அவளுக்கு அப்போது பட்டது. அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

கோர்ட்டில் பசவராஜின் முகத்தைப் பார்த்தே சொன்னாள்: "என் வீட்டுக்காரர் குடிக்கல. இந்த ஆளு பேசினத என் காதால கேட்டேன்."

இரண்டு வருஷம் தண்டனை. அவனைக் கூட்டிப்போவதைக் கண்கொட்டாமல் பார்த்தாள்.

"இன்னும் மன்னிக்கல ஆண்டவரே" என்றாள் பஸ்ஸில், வாய்க்குள்ளே. "நீங்க கூடவே இருங்க."