புரையேறினால் யார் நினைக்கிறார்கள்?

"...ஒருத்தனும் நெனைக்கலம்மா. நல்லா பாத்துக்க. பேப்பர்ல அப்டியே எழுதிக்க" என்றார் மல்லிகா அக்கா.

போன செவ்வாய்க்கிழமை, ஓர் அரசு மருத்துவமனையின் மாடியறையில். தன்னை யாருமே நினைக்கவில்லை என்று ஒரு மனுஷி இவ்வளவு கெத்தாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

எதற்கு அந்தப் பெருமை? கொஞ்சம் பின்னால் போகணும்.

மல்லிகா அக்காவை எங்கள் திருவொற்றியூர் தெருவில் தெரியாத பூனைகூடக் கிடையாது. கத்திவாக்கத்திலிருந்து கூடையில் இறாலும் நண்டும் வரும் — கூடவே அவர் வாயும் வரும். "இன்னா அண்ணாத்த, நண்டு கைய இம்மாம் நேரம் புடிச்சிகினு கீற... பொண்ணு பாக்க வந்தியா?" என்பார். பேரம் பேச வந்தவன் சிரித்துவிட்டு வாங்கிப் போவான்.

ஆறு மாதம் முன்பு ஸ்ட்ரோக். இடது கை சொன்னபடி கேட்கவில்லை, பேச்சு குழறியது. இரண்டும் மெல்லத் தேறின. ஆனால் புதிதாக ஒன்று ஒட்டிக்கொண்டது. தண்ணீர் குடித்தால் புரையேறும். டீ குடித்தால் புரையேறும். ரசம் சாதத்துக்கும் அதே கதை.

புரையேறினால் நம் வீடுகளில் என்ன செய்வோம்? உச்சந்தலையில் இரண்டு தட்டு. "யாரோ நினைக்கிறாங்க." ஒரு தம்ளர் தண்ணீர். அவ்வளவுதானே? மகள் ரேவதியும் அதைத்தான் செய்தாள். அந்தத் தண்ணீருக்கே மறுபடி புரையேறும். மறுபடி தட்டு, மறுபடி தண்ணீர்.

நினைப்பது யார்? அதற்கும் பதில் இருந்தது. அக்காவின் வீட்டுக்காரர் இருபது வருஷம் முன்னால் கொருக்குப்பேட்டையில் வேறு குடும்பம் ஏற்படுத்திக்கொண்டு போனவர். "கட்டினவ வுயுந்துட்டான்னு காதுக்குப் போயிருக்கும். அதான் நெனைச்சிகினு கீது கஸ்மாலம்" என்று அக்கா என்னிடமே சொன்னார். வார்த்தை திட்டியது. குரல் திட்டவில்லை.

காய்ச்சல் வந்தது, போனது, மறுபடி வந்தது. இரண்டாவது முறை மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நிமோனியா என்றார்கள். குடித்ததில் கொஞ்சம் கொஞ்சம் நுரையீரலுக்குள் போயிருக்கிறது. இனி வாயால் பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது என்று மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் போட்டுவிட்டார்கள். ஒரு தெருவுக்கே நண்டு ஊட்டியவருக்குக் குழாயில் கஞ்சித் தண்ணீர்.

"மூக்கால டீ குடிக்கிற பொம்பள மெட்ராஸ்லயே நான் ஒருத்திதான்" என்று சிரித்தார். அப்புறம் ரேவதியைப் பார்த்து, "இத எப்பிடினா எடுக்கச் சொல்லுடி. வாயில ருசி இல்லன்னா இன்னாத்துக்கு இந்த உசுரு" என்றார். அதில் சிரிப்பு இல்லை.

அங்கேதான் மெர்சியைப் பார்த்தேன். விழுங்க முடியாதவர்களுக்குச் சிகிச்சை தருவது வேலை. அதிலேயே ஆராய்ச்சியும் செய்கிறார். தண்டையார்பேட்டையில் அப்பாவுக்கு மளிகைக் கடை, பூர்வீகம் தூத்துக்குடிப் பக்கம். விழுங்குவதில் ஆராய்ச்சி செய்ய என்ன இருக்கிறது என்று நான் வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவ விழுங்குறீங்க சார்?" என்று திருப்பிக் கேட்டார். யோசித்தேன்... யோசிப்பதற்குள்ளேயே இரண்டு முறை விழுங்கியிருந்தேன்.

மெர்சியிடம் ஒரு கேள்வித்தாள் உண்டு. வெளிநாட்டில் தயாரித்ததை யாரோ தமிழாக்கியது. "உணவு உட்கொள்ளும்போது புரையேறுதல் ஏற்படுகிறதா?" — இதற்கு மல்லிகா அக்கா முதல் நாள் சொன்ன பதில்: "அதெல்லாம் ஒண்ணியும் இல்லம்மா."

பொய் இல்லை. அவர் அகராதியில் புரையேறுவது நோயே இல்லை. அது தகவல். கொருக்குப்பேட்டையிலிருந்து வருகிற தகவல்.

"வர்றவங்க எல்லாம் 'இல்லை'ன்னுதான் சொல்வாங்க சார். ஆனா சாப்பாட்டு நேரத்துல வார்டு பூரா இருமல். பேப்பர் தப்பா, என் காது தப்பான்னு குழம்பிட்டேன்" என்றார் மெர்சி. ஒருநாள் ஒரு பெரியவருக்குப் புரையேற, பக்கத்தில் இருந்த மனைவி தலையில் தட்டி, "மவன் நெனைக்கிறான்" என்றாராம். மெர்சிக்கு விளங்கிவிட்டது. "எங்க அப்பாவும் 'ஊர்ல யாரோ நினைக்காவ'ன்னுதான் தட்டுவாங்க. எனக்குத் தெரியாத விஷயமா? படிச்சதுல மறந்துபோச்சு."

அந்தக் கேள்விக்குக் கீழே பேனாவால் இன்னொரு கேள்வி எழுதினார். "சாப்பிடும்போது, குடிக்கும்போது யாராவது உங்களை நினைக்கிறாங்களா? ஒரு நாளைக்கு எத்தனை தடவை?"

தன் பேராசிரியரிடம் காட்டியபோது அவர் சிரித்தாராம். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "முறைப்படி அனுமதி வாங்கிச் சேர்த்துடு" என்றாராம்.

புதுக் கேள்விக்கு மல்லிகா அக்காவின் பதில்: "கொயா போடறதுக்கு மின்ன மூணு வேளையும்மா. டீக்குத் தனியா."

பதில் சரியாக வரவில்லை என்றால் ஜனங்களுக்கு விவரம் பத்தாது என்று சொல்லும் படிப்பாளிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கேள்வியைத் திருத்துகிறவரை இப்போதுதான் பார்க்கிறேன்.

ஆனால் உண்மையைச் சொல்லியாக வேண்டுமே? "அது வீட்டுக்காரர் இல்லக்கா. விழுங்கும்போது மூச்சுக்குழல் கதவு சரியா மூட மாட்டேங்குது. அந்த நேரத்துல தண்ணி கொடுத்தா அதுவும் உள்ளதான் போகும்" என்றார் மெர்சி.

"இருவது வருசம் கயிச்சி நெனைச்சான்னே வச்சிகினு இருந்தேன்" என்றார் அக்கா. மெர்சி அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எந்தப் புத்தகத்தில் படித்தாரோ!

பிறகு சொன்னார்: "இருமல் வருதே, அது நல்லதுக்கா. காவல்காரன் முழிச்சிருக்கான். இருமலே இல்லாம சத்தமில்லாம உள்ள இறங்குதே, அவங்களுக்குத்தான் நான் பயப்படுவேன்."

"அப்போ யாருமே நெனைக்காதவங்களுக்குத்தான் டேஞ்சருன்ற."

மெர்சி அதை நோட்டில் குறித்துக்கொண்டார். நானும்.

அதற்கப்புறம் குழாயோடே வீட்டுக்கு வந்து, ஆறு வாரம் பயிற்சி. நாக்கை மேலண்ணத்தில் அழுத்துவது, எச்சிலை முழு பலத்தோடு விழுங்குவது... விழுங்கும்போது தாடையை நெஞ்சோடு சேர்த்துக் குனிய வேண்டும். எல்லோருக்கும் இது ஒத்துவராதாம். சோதித்துப் பார்த்துத்தான் சொல்வார்களாம். அக்காவுக்கு ஒத்துவரும் போலிருந்தது, ஆனால் அவரால் குனிய முடியவில்லை. கூவிக் கூவி விற்ற கழுத்து, நிமிர்ந்தே பழக்கம்.

"கூடைக்குள்ள நண்டு தேடுவீங்கல்ல, அப்படிக் குனிங்க" என்றார் மெர்சி. அடுத்த நொடி கழுத்து சரியாக வளைந்தது. பாடப் புத்தகத்தில் இந்த வரி இருக்காது.

போன செவ்வாய் சோதனை. அன்று ரேவதிக்குக் கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை. ஷேர் ஆட்டோவில் நான்தான் கூட்டிப்போனேன். தேறினால் குழாய் வெளியே. இல்லாவிட்டால், வயிற்றிலேயே துளை போட்டுக் குழாய் வைக்கலாமா என்று யோசிப்பதாக டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள்.

நூலளவு கேமராவை மற்ற மூக்குத் துவாரம் வழியாகத் தொண்டைக்கு இறக்கினார்கள். திரையில் பார்த்தால் ஈரமான ஒரு குகை. நடுவில் திறந்து மூடும் சின்னக் கதவு. பச்சை நிறம் கலந்த தண்ணீர் ஒரு ஸ்பூன் உள்ளே போனது. அக்கா பயத்தில் குனிய மறந்துவிட்டார். ஒரு பச்சைத் துளி கதவைத் தாண்டி... இருமல்.

என் கை என்ன செய்தது தெரியுமா? தானாக எழுந்து அவர் உச்சந்தலைக்குப் போனது. இன்னொரு கை தண்ணீர் பாட்டிலைத் தேடியது. இவ்வளவும் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு!

"சார், கையைக் கீழ இறக்குங்க" என்றார் மெர்சி. அப்புறம் அக்காவிடம், "நண்டுக்கா... நண்டு" என்றார்.

குனிந்தார். கூழ் பதத்தில் ஒன்று — சுத்தமாக இறங்கியது. பாயசம் போலச் சற்று இளக்கமாக ஒன்று — அதுவும். மறுபடி தண்ணீர், ஒரு ஸ்பூன். பச்சை நிறம் கதவின் ஓரமாக வழிந்து சரியான பள்ளத்தில் இறங்கியது. டாக்டர் தலையாட்டினார்.

குழாயை எடுத்தார்கள். இனிமேல் குடிப்பதெல்லாம் கெட்டியாக, தண்ணீர் மட்டும் ஸ்பூனில், எப்போதும் குனிந்து... நிபந்தனைகள் நிறைய. அக்கா எதையும் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. மெர்சி கெட்டியாகக் கலந்து வைத்திருந்த டீயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் மடக்கு. அறையில் எல்லோரும் காத்திருந்தோம். இருமல் வரவில்லை. மெர்சி கேள்வித்தாளை எடுத்தார். "இப்ப யாராவது நினைச்சாங்களாக்கா?"

அதற்குத்தான் அந்தப் பதில் — ஒருத்தனும் நினைக்கவில்லை, அப்படியே எழுதிக்க.

சொல்லிவிட்டு, மறுபடியும் பாதி தூரம் எழுந்து நின்ற என் கையைத் தன் இடது கையால் கீழே தள்ளினார். கூடைக்குள் நண்டு தேடுகிறவர் போலக் குனிந்து, இரண்டாவது மடக்கைக் குடித்தார்.