கொருக்குப்பேட்டை விலாசம், எண்ணூர் இருமல்

ஊரில் யாருக்கு என்ன வியாதி என்று எண்ணிச் சொல்லுகிற உத்தியோகத்தில் ஒரு சௌகரியம் உண்டு: நம் கையால் யாருக்கும் ஊசி போட வேண்டாம். அசௌகரியம் என்னவென்றால், நாம் தப்பாக எண்ணினால் ஊசி வேறு தெருவுக்குப் போய்விடும்.

வடசென்னையில் ஒரு சுகாதார அலுவலகத்தில் எனக்கு அந்த வேலை. நோயாளி வந்து சீட்டு வாங்கும்போதே அவர் பெயர், விலாசம், என்ன உபாதை என்று நர்ஸ் ஆப்பில் ஏற்றிவிடுவார். அத்தனையும் என் கம்ப்யூட்டருக்கு வந்து சேரும். நான் அவற்றை விலாசத்தை வைத்து வார்டு வாரியாகப் பிரித்து, மேப்பில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வர்ணம் அடித்து, எந்தப் பேட்டையை முதலில் கவனிக்க வேண்டும் என்று ஒரு வரிசை தருவேன். அந்த வரிசைப்படிதான் டாக்டர், மருந்து, மெஷின் எல்லாம் பங்கு பிரியும். மாதக் கடைசியில் எக்செல் முன்னால் உட்கார்ந்து கண்ணைக் கசக்குகிற சக பாவிகளுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். யாரிடமாவது சொன்னால்தான் எனக்கு மனசு ஆறும்.

ஏலம் முடிந்த கையோடு

வேலைக்குச் சேர்ந்த புதிதில் காசிமேட்டில் ஒரு பிரஷர் முகாம் நடந்தது. மீன் ஏலம் முடிகிற நேரத்தில் ஜனம் கூட்டமாக இருக்கும், தேடி அலைய வேண்டாம் என்று ஏலக்கூடத்துக்குப் பக்கத்திலேயே மேஜை போட்டோம். வந்து கையை நீட்டியவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு பிரஷர் எகிறிக் கிடந்தது. நான் அரண்டுபோய் அந்த வார்டு முழுவதற்கும் அடர் சிவப்பு அடித்தேன். எங்கள் பெரிய டாக்டர் ஒரு மாதத்துக்கான மாத்திரையை அங்கே திருப்பிவிடலாமா என்று யோசிக்கவே ஆரம்பித்துவிட்டார்.

நல்லவேளை, ஏலத்தில் மீன் எடுக்கிற ஜெசிந்தா அக்கா எனக்கு ராயபுரத்தில் பக்கத்துத் தெரு. மாதா கோயிலில் பார்த்தபோது மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று அக்கறையாக விசாரித்தேன். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "போட்டிக்கு நிக்கறவ கிட்ட தொண்டை கிழியக் கத்திட்டு வந்து கைய நீட்டினா, அது பிரஷர் காட்டாம வேற இன்னாத்த காட்டும்? சாயந்தரமா வா. தூங்கி எந்து டீ குடிச்சுகினு குந்தினுகீறப்போ பாரு."

சாயந்தரம் பார்த்தோம். பாதிப் பேருக்கு பிரஷரே இல்லை.

எண்ணூரில் எல்லோரும் சௌக்கியம்

இனி பெரிய சமாசாரத்துக்கு வருகிறேன். எண்ணூரில் முகத்துவாரத்துக்குப் போகிற வழியில், அடுக்குமாடிக் குடியிருப்புகளை ஒட்டி ஒரு சாயந்தர கிளினிக் இருக்கிறது. வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்களுக்காக வைத்தது. அங்கே டெய்சி என்று ஒரு நர்ஸ். வீசிங் வந்து மூச்சு இழுக்கிறவர்களுக்கு மாஸ்க் வைத்து மருந்துப் புகை கொடுக்கிற மெஷின் ஒன்று அவள் பொறுப்பில் இருந்தது. சாயந்தரமானால் அதற்கு வரிசை நிற்கும் என்பாள்.

என் மேப்பிலோ எண்ணூரின் அந்த மூலை பச்சைப்பசேல் என்று இருந்தது. வீசிங்கில் சிவந்து கிடந்தது கொருக்குப்பேட்டை, அதிலும் ரயில்வே லைன் ஓரத்தில் ஒரே ஒரு தெரு. பெரிய டாக்டர் இளகிய மனசுக்காரர். அந்த கிளினிக்குக்கு வருகிற கூட்டத்தில் பெரும்பாலோர் கொருக்குப்பேட்டை விலாசம் என்று பார்த்ததும் அவருக்கு மனசு கேட்கவில்லை. "மூச்சு வாங்கிக்கொண்டே பஸ் பிடித்து எண்ணூர் வரைக்கும் வருகிறார்கள் பாருங்கள். கிளினிக்கையும் மெஷினையும் அவர்கள் தெருவிலேயே கொண்டுபோய் வைத்துவிடலாம்" என்றார். அடுத்த கூட்டத்தில் அதை முடிவு செய்வதாக ஏற்பாடு.

விஷயத்தை டெய்சிக்கு போனில் சொன்னேன். மெஷின் ஓடுகிற சத்தத்துக்கு நடுவே நிதானமாகச் சொன்னாள்: "உங்க கம்ப்யூட்டர்ல எண்ணூர்க்காரங்க எல்லாம் நல்லா கீறாங்கன்னா, அந்தக் கம்ப்யூட்டர ஒரு வாரம் இங்க அனுப்பி வைங்க மேடம். அதுக்கும் வீசிங் வரும்."

யாருக்காக வந்தது இந்த வண்டி

கிளினிக்கை மாற்றுவதற்கு முன்னால் ஒருநாள் நடமாடும் மருத்துவ வண்டியை அந்தச் சிவப்புத் தெருவுக்கு அனுப்பிப் பார்ப்பது என்று ஆயிற்று. வரிசை என்னுடையது என்பதால் நானும் கூடப் போனேன். கொருக்குப்பேட்டையில் டிரைவர் ரெண்டு முறை சுற்றி வந்தார். தெருவைக் காணோம். போன் மேப் எங்களை ஒரு கம்பி வேலிக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்றது. வேலிக்கு அந்தப் பக்கம் கூட்ஸ் வண்டி நின்றுகொண்டிருந்தது. இந்தப் பக்கம் இடிந்த செங்கல்லும் முள்ளுச்செடியும்.

வண்டி வந்தது வந்ததுதானே என்று கதவைத் திறந்து, டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நான் வாசலில் நின்று ஜனத்தை எதிர்பார்த்தேன். ரயில்வே யார்டில் மூட்டை இறக்குகிற ஒருவர் மட்டும் பீடியை அணைத்துவிட்டுக் கிட்டே வந்து, என்ன விசேஷம் என்று கேட்டார். இந்தத் தெருவில் நிறையப் பேருக்கு மூச்சுத்திணறல், அதற்காக வந்திருக்கிறோம் என்று விளக்கினேன். அவர் வேலியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இங்க இருந்த வூட்டெல்லாம் இடிச்சு ஜனங்கள எண்ணூராண்ட கொண்டுபோய் வுட்டு எவ்ளோ நாளாச்சு. இப்போ இங்க மூச்சு வுடறது பெருச்சாளி மட்டும்தான் மேடம். அதுங்க நல்லாத்தான் கீதுங்க."

கார்டு அங்கே, ஆள் இங்கே

மறுநாளே எண்ணூருக்குப் போய் டெய்சிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். முதலில் வந்தவர் கன்னியம்மா. காலையில் இறால் உரித்து, சாயந்தரம் இட்லி சுட்டு விற்கிற அம்மா. மாடிப்படி இறங்கி வந்ததற்கே தோள்பட்டை ஏறி இறங்கியது. டெய்சி விலாசம் கேட்டாள். கன்னியம்மா கொஞ்சமும் தயங்காமல், நேற்று நான் பார்த்த அந்த முள்ளுச்செடியின் கதவு எண்ணைச் சொன்னார். அவருக்குப் பின்னால் நின்றவரும் அதே தெரு. அதற்குப் பின்னால் நின்றவரும் அதே தெரு. எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

மாஸ்க் வைத்து ஆசுவாசமானதும், ஏம்மா இங்கே குடியிருந்துகொண்டு அந்த விலாசம் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். கன்னியம்மா என்னை நம்பலாமா என்று டெய்சியைப் பார்த்தார். டெய்சி தலையை ஆட்டினாள். "ரேசன் கார்டு அந்த அட்ரஸ்ல கீது மேடம். என் பெரிய பையன் அங்கதான் கல்யாணம் பண்ணி தனியா தடுப்பு போட்டுகினு இருந்தான். அவனுக்குன்னு இன்னும் வூடு குடுக்கல. நான் போய் எண்ணூர்னு ஒரு எடத்துல சொல்லி வெச்சேன்னு வையி, நாளைக்கு வூடு குடுக்கற ஆபீஸ்காரன் 'நீ லைனாண்ட இருந்தவளே இல்ல'ன்னுடுவான். மூச்சு போனா உன் மெஷினு கீது. அட்ரஸு போனா இன்னாத்த வெப்பே?"

இதில் அவர் அறியாமல் போனது ஒன்றுதான்: அந்த அட்ரஸைக் காப்பாற்றியதால்தான் மெஷின் போகவிருந்தது. அதைச் சொன்னதும் அவர் முகம் வெளிறிவிட்டது. மெஷினும் போகாது, விலாசத்தின் மேலும் யாரும் கை வைக்க மாட்டார்கள் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். எந்தத் தைரியத்தில் கொடுத்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

நேத்து ராத்திரி எங்க தூங்கினீங்க

தற்போதைய விலாசம் என்று கேட்டால் ஜனம் உஷாராகிவிடும். வாடகைக்கா, சொந்தமா, யார் கேட்கச் சொன்னது என்று எதிர்க்கேள்வி வரும். அதனால் கார்டு விலாசத்தை இருக்கிறபடியே ஏற்றிவிட்டு, பேச்சோடு பேச்சாக இன்னொரு கேள்வி கேட்பது என்று நானும் டெய்சியும் முடிவு செய்தோம். நேத்து ராத்திரி எங்க தூங்கினீங்க? பதிலை ஆப்பில் குறிப்பு எழுதுகிற கட்டத்தில் போட்டுக்கொண்டோம்.

நோயை எண்ணுகிற கணக்கில் இதைவிட நல்ல கேள்வி கிடையாது. குடும்பஸ்தர்களிடம் கேட்பதற்கு இதைவிட மோசமான கேள்வியும் கிடையாது. கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர், துறைமுக கேட்டுக்கு வெளியே வரிசையில் லாரியிலேயே தூங்கியதாகச் சொன்னார். ஒருவர் நடுக்கடலில் போட்டில் தூங்கியதாகச் சொல்லி எந்த வார்டில் சேர்ப்பது என்று எங்களை முழிக்க வைத்தார். மனைவியோடு வந்திருந்த ஒரு வெல்டரிடம் டெய்சி கேட்டபோது, மனுஷன் இருமலை நிறுத்திவிட்டுக் கூரையைப் பார்த்தார். அந்த அம்மா பையை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்: "சொல்லு நைனா, சொல்லு. நானும் ரெண்டு நாளா அத்தத்தான் கேட்டுகினுகீறேன்."

கூட்டத்தில் ஒரு இருமல்

கூட்டத்தன்று ரெண்டு மேப் போட்டுக் காட்டினேன். கார்டு விலாசப்படி வர்ணம் அடித்ததில் கொருக்குப்பேட்டை வேலி சிவப்பு. தூங்குகிற இடத்தின்படி அடித்ததில் எண்ணூர் குடியிருப்பு சிவப்பு. ரெண்டாவதைப் பார்த்ததும் பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். கிளினிக்கை மாற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் மனசில் ஓடியது முகத்திலேயே தெரிந்தது. நான் பாதி ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் நிர்வாகம் பார்க்கிற அதிகாரி ஒருவர் குறுக்கே வந்தார். அவர் கெட்டவர் இல்லை, சுறுசுறுப்பானவர், அதுதான் ஆபத்து. "விலாசம் தப்புன்னா திருத்திட வேண்டியதுதானே. அத்தனை பேர் விலாசத்தையும் எண்ணூர்னு மாத்தி, மத்த ஆபீசுக்கும் ஒரு காப்பி அனுப்பிடலாம்" என்றார். ஒரு பட்டனைத் தட்டினால் கன்னியம்மா மகன் வீடு காற்றில் போய்விடும். வேண்டாம் சார் என்றேன். ஏன் என்றார். ஏன் என்று சொன்னால் அதுவே வம்பு. சொல்லாவிட்டாலும் வம்பு. பதற்றத்தில் வாயில் வந்ததைக் கேட்டுவிட்டேன்: "சார், உங்க ரேசன் கார்டு எந்த விலாசத்துல இருக்கு?"

அவர் பெரம்பூரில் குடியிருக்கிறார் என்பது ஆபீசுக்கே தெரியும். கொஞ்சம் யோசித்து, கார்டு இன்னும் திருத்தணியில் அப்பா வீட்டு விலாசத்தில்தான் இருக்கிறது, மாற்ற நேரமே கிடைக்கவில்லை என்றார். சொல்லி முடித்து ரெண்டு தடவை இருமினார். அவருக்கு எப்போதும் உள்ள இருமல்தான். பெரிய டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "இந்த இருமலை திருத்தணிக் கணக்குல ஏத்திடுங்கம்மா."

அறை முழுக்கச் சிரித்தது, அவரும் சேர்ந்துதான் சிரித்தார். கார்டு விலாசத்தை யாரும் தொடக் கூடாது, நோயைத் தூங்குகிற இடத்தில் எண்ண வேண்டும் என்று முடிவாயிற்று. சாயந்தர கிளினிக் இருந்த இடத்திலேயே இருக்கும், கூட ஒரு மெஷினும் தருவார்கள். நான் வராந்தாவுக்கு வந்து சுவரில் சாய்ந்துகொண்டேன். அழுகை வருகிற மாதிரி இருந்தது, கொஞ்சம் அழவும் அழுதேன்.

உனுக்கும் ஒரு தபா

போனில் சொல்ல மனசு வரவில்லை. நேரே எண்ணூருக்கு பஸ் ஏறினேன். வழியெல்லாம் கன்டெய்னர் லாரி, புழுதி. இறங்கும்போது எனக்கே தொண்டை அடைத்து இருமல் பிடித்துக்கொண்டது. டெய்சி என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். மெஷின் மேலிருந்த தூசியைத் தன் கைக்குட்டையால் துடைத்தாள். கன்னியம்மா மாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தார். மெஷின் போகாது, விலாசமும் அப்படியே இருக்கும், உங்கள் பையன் வீட்டுக்கு எங்களால் ஒரு தொந்தரவும் வராது என்று இருமிக்கொண்டே சொன்னேன்.

அவர் மாஸ்க்கை இறக்கி ஒரு நல்ல மூச்சு விட்டார். கும்பிடப் போகிறார் என்று நினைத்து நான் கூச்சப்பட ஆரம்பித்தேன். அவரோ ஸ்டூலில் தள்ளி உட்கார்ந்து எனக்கு இடம் விட்டார். "நீ எங்க தூங்கறே, ராயபுரத்துலதானே? அங்க மட்டும் இன்னா சுத்தமான காத்து வாழுது. வா, இப்டி குந்து, உனுக்கும் ஒரு தபா வெச்சுகினு போ."

அந்த மாத வரிசையில் எண்ணூர் சிவப்பாக முதலிடத்துக்கு ஏறியது. ஓர் ஊர் வியாதியில் முதலாவதாக வந்ததைப் பார்த்து நிம்மதியாக மூச்சு விடுகிற உத்தியோகம் உலகத்தில் என்னுடையது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.